இந்தத் தண்ணி எதுக்கு?



ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மாசி மாத வெயில் நேரத்தில், பீலிக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். குடத்தோடு வந்த மேல் லயத்து அக்கா ஒருவர், "இந்தப் பீலித் தண்ணிய எங்க பாட்டன் காலத்துல இருந்து குடிக்கிறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். கீழ் லயத்து அக்கா விடவில்லை. "ஒங்களுக்கு ஆகாது. ஒங்க தண்ணி எறங்கித்தானே எங்ககிட்ட வருது. எம் புள்ளைக்கு இந்த வருஷத்துல மூணு தடவ வயித்தோட்டம்."

இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பெரிய கங்காணி ஒருவர் எங்களிடம் திரும்பினார். "நல்ல தண்ணியா கெட்ட தண்ணியா, ஒரே வார்த்தையில சொல்லிருங்க."

எங்களால் சொல்ல முடியவில்லை. மழுப்புவதற்காக அல்ல. கேள்வியில் பாதிதான் இருந்தது. நல்ல தண்ணிதான், ஆனால் எதுக்கு நல்ல தண்ணி? குடிக்கவா, குளிக்கவா, கரட் பாத்திக்கு விடவா? ஆற்றுத் தண்ணீருக்கு அளவு வைக்கிற வேலை உலகத்தில் எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

அன்று நாங்கள் எல்லாரும் ஓடையோடு சேர்ந்து இறங்கி நடந்தோம். காட்டு ஓரத்தில் ஊற்று. அங்கே ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து மேல் லயத்துக்குக் குழாய் போகிறது. அடுத்தது பீலி. பீலிக்குக் கீழே குளிக்கிற இடமும் துணி துவைக்கிற இரண்டு கல்லும். இன்னும் கொஞ்சம் கீழே லயத்துக் கான் வந்து ஓடையில் விழுகிறது; சட்டி பானை கழுவின தண்ணியும், மழை நாளில் கக்கூஸ் குழியில் இருந்து கசிகிறதும் அதில்தான் வரும். அப்புறம் கரட், லீக்ஸ், கோவா பாத்திகள். பம்ப் வைத்து ஓடையில் இருந்து இறைக்கிறார்கள். மருந்தடிக்கிற டேங்கைக் கழுவுவதும் அங்கேதான். மாடு தண்ணி குடிக்கிற இடம், ஸ்டோர் கான், பையன்கள் மீன் பிடிக்கிற மடு, எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் வந்தது கீழ் லயத்துத் தண்ணித் தொட்டி. மறுபடியும் குடிக்கிற தண்ணி!

அரை மைல் தூரம்தான் இருக்கும். அதற்குள் ஒரே ஓடை இத்தனை வேலை செய்கிறது. நடந்து முடிந்தபோது கீழ் லயத்து அக்கா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேல் லயத்து அக்காதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வேலைக்கு ஏற்ற அளவு

குடிக்கிற தண்ணிக்கு உள்ள அளவு மிகக் கடுமையானது. இலங்கைத் தரம் 614 என்று ஒன்று இருக்கிறது. 1983இல் வந்தது, 2013இல் திருத்தப்பட்டது. அதன்படி 100 மில்லிலீற்றர் தண்ணியில், அதாவது ஒரு சின்னக் கோப்பை அளவில், ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. மனிதருடைய அல்லது மிருகத்தின் மலம் தண்ணியில் கலந்திருப்பதற்கு இந்தக் கிருமிதான் அடையாளம். மலம் கலந்த இடத்தில் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் பின்னால் வரலாம்.

குளிக்கிற தண்ணிக்கு இவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை. நாம் அதை விழுங்குவதில்லை, வாயில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஐரோப்பிய நாடுகளில் 2006இல் வந்த விதிப்படி, ஆற்றிலும் ஏரியிலும் 100 மில்லிலீற்றருக்கு 500 ஈ.கோலி வரை மிக நல்ல குளிக்கும் இடம், 1000 வரை நல்ல இடம். குடிக்க ஒன்றும் கூடாது, குளிக்க ஆயிரம் வரை பரவாயில்லை. எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். மேல் லயத்து அக்காவும் கீழ் லயத்து அக்காவும் இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம் என்பது இதனால்தான்.

மரக்கறிக்கும் அளவு இருக்கிறது. பச்சையாகச் சாப்பிடுகிற மரக்கறிக்குக் கழிவுத் தண்ணி பாய்ச்சுவதானால் 100 மில்லிலீற்றருக்கு 1000 மலக்கிருமிக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் சொன்னது. வேக வைத்துச் சாப்பிடுகிற லீக்ஸும், பிடுங்கிய கையோடு கடிக்கிற கரட்டும் ஒன்றல்ல. பிள்ளைகள் பாத்தியிலேயே கரட்டைத் துடைத்துத் தின்பது நமக்குத் தெரியாததா?

மீனுக்கு வேண்டியது வேறு. அதற்கு முக்கியம் தண்ணியில் கரைந்திருக்கிற ஒட்சிசன். இந்தியாவில் ஆறுகளைப் பயன்பாட்டின்படி ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மீன் வாழ ஒரு லீற்றருக்கு 4 மில்லிகிராம் ஒட்சிசனாவது வேண்டும், குளிக்கிற இடத்தில் 5, கிருமியை மட்டும் நீக்கிவிட்டுக் குடிக்கிற தண்ணியில் 6. ஒட்சிசன் ஏன் குறைகிறது? சாணி, சோற்றுக் கழுநீர், கக்கூஸ் கழிவு இவற்றைத் தின்கிற நுண்ணுயிர்கள் ஒட்சிசனை இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அதை பி.ஓ.டி. என்பார்கள். அது கூடக் கூட, தண்ணியில் கழிவு கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு ஓர் அளவு, ஆற்றுக்கு ஓர் அளவு

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. அதன்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1990இல் தொழிற்சாலைகள் வெளியே விடும் கழிவுத் தண்ணிக்கு அளவு வைத்தார்கள். 2008இல் அதைப் புதுப்பித்தார்கள். ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீரில் விடுகிற கழிவுத் தண்ணியின் பி.ஓ.டி. ஒரு லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மிதக்கிற தூசு, மண் எல்லாம் சேர்ந்து 50க்கு மேல் போகக்கூடாது. இது குழாயின் வாயில் அளக்கிற அளவு.

ஆற்றுக்குள் ஓடுகிற தண்ணி எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் ஒழுங்குவிதி 2019 நவம்பரில்தான் வர்த்தமானியில் வந்தது. அது தண்ணியை ஆறு வகையாகப் பிரிக்கிறது: இலேசாகச் சுத்தம் செய்து குடிக்கக் கூடியது, குளிக்கக் கூடியது, மீன் முதலான நீர்வாழ் உயிர்களுக்கு ஏற்றது, முழுதாகச் சுத்திகரித்துக் குடிக்கக் கூடியது, விவசாயத்துக்கு ஏற்றது, இவை எதிலும் சேராத கடைசி வகை. குழாய்க்கு அளவு வந்து ஆற்றுக்கு அளவு வர 29 வருஷம் பிடித்தது. இரண்டும் ஒன்றுதானே, குழாய் சுத்தமாக இருந்தால் ஆறு சுத்தமாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு கரண்டி உப்பைப் பெரிய அண்டாத் தண்ணியில் போட்டால் தெரியாது. அதே கரண்டியை ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் போட்டால் வாயில் வைக்க முடியாது. உப்பின் அளவு மாறவில்லை, தண்ணியின் அளவுதான் மாறியது.

இங்கிலாந்தில் 1898இல் அமைத்த அரச ஆணைக்குழு ஒன்று இதைக் கணக்காகவே போட்டது. சுத்தமான ஆற்றின் பி.ஓ.டி. 2, அது 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்குகிறது. 20 உள்ள கழிவுத் தண்ணி ஒரு பங்கும் சுத்தமான ஆற்றுத் தண்ணி 8 பங்கும் கலந்தால் என்ன ஆகும்? எட்டு இரண்டு பதினாறு, அதோடு இருபது, மொத்தம் 36. அதை 9 பங்காகப் பிரித்தால் சரியாக 4. ஆகவே எட்டு மடங்கு நல்ல தண்ணி இருந்தால் 20 வரை விடலாம் என்று 1912இல் சொன்னார்கள்.

அந்த எட்டு மடங்கு நம் நாட்டு விதியிலும் இருக்கிறது. அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த அளவுகள் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான தண்ணி கலக்கும் என்று வைத்துப் போட்டவை, அதற்குக் குறைவாக இருந்தால் அளவையும் அதே விகிதத்தில் குறைக்கவேண்டும். மகாவலிக்கு எட்டு மடங்கு பெரிய காரியமில்லை. நம் ஓடைக்கு? மழைக்காலத்தில் இருக்கும். தை, மாசி, பங்குனியில் ஓடை வயிறு ஒட்டிக் கிடக்கும்போது கானில் வருகிறதைப் போல இரண்டு மடங்குகூட ஓடாது. அப்போது 30 உள்ள தண்ணி விழுந்தால் ஓடையின் அளவு 11ஐத் தாண்டிவிடும். குறிப்பின்படி குறைத்தால் விடக்கூடியது 30 அல்ல, 7½தான். அப்படி விட்டால் ஓடை 4க்குள் நிற்கும். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்குத்தான்.

குழாயில் ஒரு பிழையும் இல்லாமலே ஓடை கெட்டுப்போகலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. லயத்துக் கானுக்கு உரிமமும் கிடையாது, அளப்பாரும் கிடையாது என்பது வேறு கதை.

இந்தப் பிழைக்குத் தமிழ்நாட்டில் பெரிய விலை கொடுத்தார்கள். திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றில் வருஷத்தில் பல மாதம் நல்ல தண்ணியே ஓடாது. பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகளின் உப்புத் தண்ணிதான் ஆறாக ஓடியது. விவசாயத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அதுதான் போய்த் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளுடைய நிலமும் கிணறும் போயிற்று. அவர்கள் வழக்குப் போட்டுப் போராடி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுத் தண்ணி ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. வேலை போன தொழிலாளர் குடும்பங்களும் பட்டது போதும் போதும் என்றாகிவிட்டது. கலக்கத் தண்ணி இல்லாத ஆற்றில் என்ன அளவு வைத்தாலும் நிற்காது என்பதை ஆரம்பத்திலேயே யோசித்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பித்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

கொதிக்க வைத்தால் போதுமா?

நடந்து முடிந்த பிறகு பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து பேசினோம். "நாங்க கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம்" என்றார்கள். ரொம்ப நல்லது, விட்டுவிடாதீர்கள். தண்ணி தளதளவென்று கொதித்தால் நோய்க் கிருமிகள் சாகும். ஆனால் இரண்டு விஷயம் கொதித்தாலும் போகாது.

ஒன்று உரத்தில் இருந்து வருகிற நைத்திரேற்று. குடிக்கிற தண்ணியில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைக்க வைக்கத் தண்ணி வற்றி நைத்திரேற்றின் அளவு கூடுமே தவிரக் குறையாது. தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

மற்றது மருந்து. ஐரோப்பாவில் குடிக்கிற தண்ணியில் எந்த ஒரு பூச்சிமருந்தும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தக் கணக்குப்படி ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லீற்றர் தண்ணியை எல்லைக்குக் கொண்டுபோய்விடும். டேங்கின் அடியில் மிஞ்சிய மருந்தை ஓடையில் கவிழ்த்து அலசுகிற தம்பிமார் இதை ஒரு தடவை படித்தால் நல்லது. மூன்று தடவை அலசி, அலசின தண்ணியையும் மருந்தடித்த மலையிலேயே தெளித்துவிடலாம். ஓடைக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம்.

நம் ஓடை இந்தத் தோட்டத்தோடு முடிகிறதும் இல்லை. ஹேவாஹெட்ட மலைகளில் இறங்குகிற தண்ணி மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் ஓடும் அந்தக் கங்கை ரந்தெனிகல நீர்த்தேக்கத்தில் மின்சாரம் எடுக்க உதவி, மினிப்பேயில் வயலுக்குப் பிரிந்து, மகியங்கனையைத் தாண்டி, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. கீழ் லயத்து அக்காவுக்கும் கீழே எத்தனை கீழ் லயம்!

நாமே பார்க்கக் கூடியது

ஆய்வுகூடம் வேண்டாம், முதலில் கல்லைப் புரட்டுங்கள். ஓடும் தண்ணியில் கிடக்கிற கல்லின் அடியில், வாலில் மூன்று மயிர் போல உள்ள சின்னப் பூச்சிகள் ஓடினால் அங்கே ஒட்சிசன் நன்றாக இருக்கிறது. அவை ஒன்றும் இல்லாமல் சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், மேலே எங்கோ கழிவு சேர்கிறது. கானுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் பார்த்து ஒப்பிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். ஆனால் பூச்சி இருக்கிறது என்பதற்காகக் குடித்துவிடக்கூடாது. பூச்சி ஒட்சிசனைத்தான் சொல்லும், மலக்கிருமியைச் சொல்லாது.

கிருமிக்கு ஒரு மலிவான சோதனையை 1982இல் இந்தியாவில் குவாலியரில் கண்டுபிடித்தார்கள். மருந்து தோய்த்த காகிதம் உள்ள சின்னப் போத்தலில் தண்ணியை நிரப்பி வைத்தால், மலம் கலந்த தண்ணி ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்தான் போகவேண்டும். கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குச் சேர்க்கவேண்டும். வீட்டுச் சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் அது தண்ணியை அல்ல, போத்தலைத்தான் சோதித்ததாகும்.

எப்போது எடுக்கவேண்டும் என்பதையும் நாம் சொல்லவேண்டும். வெயிலில் ஓடை வற்றியிருக்கும்போது ஒரு தடவை. நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்து, கானில் தேங்கினதெல்லாம் அடித்துக்கொண்டு வரும்போது ஒரு தடவை. நல்ல நாளாகப் பார்த்து ஒரே தடவை எடுத்துவிட்டு, தண்ணி நல்லது என்று எழுதிவிட்டால் அந்தத் தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஹேவாஹெட்ட லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாளில் இருந்து இந்த மலையில் கொழுந்துக்குக் கணக்கு இருக்கிறது. எந்த லயம் எந்த ஓடையில் எந்த இடத்தில் தண்ணி எடுத்துக் குடிக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் புத்தகத்தை நாங்கள் இதுவரை கண்டதில்லை. கண்டியிலோ கொழும்பிலோ மேசையில் இருக்கிற அதிகாரிக்கு, அந்தக் கடைசித் தொட்டி குடிக்கிற தொட்டி என்று யார் சொல்வது? சொல்லாவிட்டால் அந்த ஓடை அவருக்கு வெறும் கான்தான். எழுதி வைக்காத பயன்பாட்டை எந்த அளவும் காப்பாற்றாது.

அதனால் அன்று பிள்ளைக்காம்பராவில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓடையை வரைந்தோம். மேல் லயத்து அக்கா இடம் சொன்னார், கீழ் லயத்துப் பிள்ளை ஒன்று எழுதியது. ஒவ்வொரு இடத்திலும் என்ன வேலை, எத்தனை குடும்பம், எந்த மாதத்தில் தண்ணி குறையும். அதைப் பார்த்து எழுதிய கடிதத்தின் பிரதிகள் தோட்ட நிர்வாகத்துக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் போயின. தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைக்கு முன்பு இருந்த சட்டத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. "அது தோட்டத்து விஷயம்" என்று இனித் திருப்பி அனுப்ப முடியாது. இந்த ஓடையில் முன்பு எப்போதாவது சோதனை செய்திருந்தால் அதன் முடிவைக் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தனியாக ஒரு விண்ணப்பம். எல்லாம் தமிழிலேயே எழுதினோம்.

கடிதத்தில் முதல் கையெழுத்தை யார் போடுவது என்று கொஞ்சம் இழுபறி. பெரிய கங்காணி பேனாவை வாங்கி மேல் லயத்து அக்காவிடம் கொடுத்தார். "தண்ணி ஒன் பக்கத்துல இருந்துதானம்மா வருது. நீ போடு."